மொழி சாராத வடிவத்தை எந்த மொழியில் எழுதுவது?

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, கிணறுகளின் நீர்மட்டத்தை அளக்கும் சென்சார்கள் அனுப்பும் தரவைப் படிக்கவும் எழுதவும் ஒரு லைப்ரரி, அதாவது பிற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய நிரல்தொகுப்பு, தேவைப்பட்டது. தரவு வடிவம் எது என்பதில் எங்கள் சிறு குழுவில் விவாதமே எழவில்லை. தரவைச் சுருக்கமான பைட்டுகளாக எழுதும் சிபோர் (CBOR) என்ற வடிவம்தான் என்று முதல் நாளே முடிவாகிவிட்டது. அதை எந்த நிரல்மொழியில் எழுதுவது என்ற கேள்வியை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எந்த மொழியையும் சாராத வடிவம்தானே, கைக்குப் பழகிய மொழியில் எழுதிவிடலாம் என்றே எண்ணினேன். மூன்று மொழிகளில் மூன்று முறை எழுதி முடித்த பிறகு, அந்த எண்ணம் எவ்வளவு பெரிய பிழை என்று தெரிகிறது. மொழி சாராத வடிவத்தை எழுதும்போதுதான் மொழித் தேர்வு மற்ற எந்த வேலையையும்விட அதிகமாகக் கணக்கில் வருகிறது என்பது என் இன்றைய துணிபு. அது ஏன் என்பதை விளக்கவே இதை எழுதுகிறேன்.

சிபோருக்கு ஏற்கெனவே பல மொழிகளில் நல்ல லைப்ரரிகள் உண்டு. எங்களுக்கு இரண்டு நிபந்தனைகள் இருந்ததால்தான் சொந்தமாக எழுத நேர்ந்தது. கருவியில் இருந்த நினைவகம் மிகச் சிறியது என்பது ஒன்று. ஒவ்வோர் அளவீடும் மின்கையொப்பத்தோடு வந்ததால், படித்த தரவைத் திரும்ப எழுதினால் பைட்டுக்குப் பைட் அதுவே வர வேண்டும் என்பது மற்றொன்று. இந்த இரண்டாவது நிபந்தனைதான் எனக்கு எல்லாவற்றையும் கற்றுத் தந்தது. அது இல்லாதிருந்தால் பின்னால் சொல்லப்போகும் பிழைகளில் பாதியை நான் கண்டுபிடித்திருக்கவே மாட்டேன்.

வடிவத்தைப் பற்றிச் சில சொற்கள். கார்ஸ்டன் போர்மானும் பால் ஹாஃப்மனும் எழுதிய ஆர்.எஃப்.சி. 7049 என்ற இணைய வரையறை ஆவணமாக 2013 அக்டோபரில் சிபோர் வெளிவந்தது. 2020 டிசம்பரில் ஆர்.எஃப்.சி. 8949 அதன் இடத்தைப் பிடித்தது. ஒவ்வொரு தரவுத் துண்டும் ஒரு தலைப் பைட்டோடு தொடங்குகிறது. அந்தப் பைட்டின் மேல் மூன்று பிட்டுகள் வகையைச் சொல்கின்றன: நேர் முழு எண், எதிர் முழு எண், பைட் சரம் (பைட்டுகளின் தொடர்), உரைச் சரம் (எழுத்துகளின் தொடர்), பட்டியல், சாவியும் மதிப்பும் இணைந்த மேப், பின்வரும் மதிப்பின் பொருளைக் குறிக்கும் மேலொட்டு, கடைசியாக உண்மை, பொய், வெறுமை, மிதவைப் புள்ளி எண்கள் (1.5 போன்ற பின்ன எண்கள்) ஆகியவை அடங்கிய எட்டாம் வகை. கீழ் ஐந்து பிட்டுகளில் 0 முதல் 23 வரையிலான எண் இருந்தால் அதுவே மதிப்பு அல்லது நீளம்; 24, 25, 26, 27 என்று இருந்தால் முறையே ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு பைட்டுகள் பின்னால் வருகின்றன. பத்து என்ற எண் ஒரே பைட்டில் முடிந்துவிடும். பத்து லட்சத்துக்கு ஐந்து பைட்டுகள் போதும். இந்த விதிகளைப் படித்தவுடன், எந்த மொழியிலும் இருநூறு முந்நூறு வரிகளில் எழுதிவிடலாம் என்று தோன்றும். எழுதியும் விடலாம். ஆனால் அந்த வரிகள் சரியாக வேலை செய்வதுபோல் வெகுகாலம் தோன்றிக்கொண்டிருக்கும் என்பதுதான் இதிலுள்ள ஆபத்து.

வலையில் பரவலாகப் புழங்கும் உரைவடிவத் தரவு முறையான ஜேசானை (JSON) ஏன் எடுக்கவில்லை என்று சிலர் கேட்டார்கள். அதுவும் மொழி சாராத வடிவம் என்றே அறிமுகப்படுத்தப்படுகிறது. ஆனால் அது ஜாவாஸ்கிரிப்ட்டின் எழுத்துமுறையிலிருந்து பிறந்தது, பிறந்த வீட்டின் சாயல் அதைவிட்டுப் போகவில்லை. முழு எண், பின்ன எண் என்ற வேறுபாடு அதில் இல்லை. பைட்டுகளுக்கென்று ஒரு வகையும் இல்லை. ஜேசானின் இலக்கணப்படி 9007199254740993 முற்றிலும் செல்லுபடியாகும் எண். ஆனால் ஜேசானில் வரும் எல்லா எண்களையும் 64 பிட் மிதவைப் புள்ளியாக மாற்றிவிடும் ஜாவாஸ்கிரிப்ட் அதைப் படித்தால் 9007199254740992 என்று ஆகிவிடும். எந்த எச்சரிக்கையும் வராது. 2010-இல் ட்விட்டர் தன் பதிவு எண்களை எண்ணாகவும் சரமாகவும் இருமுறை அனுப்பத் தொடங்கியது இதனால்தான். ஜேசானின் இன்றைய வரையறையான ஆர்.எஃப்.சி. 8259-கூட, இரண்டின் 53-ஆம் அடுக்குக்குள் அடங்கும் முழு எண்களே எல்லா இடத்திலும் ஒன்றுபோல் புரிந்துகொள்ளப்படும் என்று குறிப்பிடுகிறது. வடிவத்தின் வரையறையில் ஒரு மொழியின் பெயர் இல்லாமல் இருக்கலாம். அந்த மொழியின் வரம்பு அதற்குள் வந்து உட்கார்ந்துகொள்ள அது தடையல்ல.

சிபோர் அந்தச் சுமையில்லாமல் பிறந்தது. ஆனால் அதைச் செயல்படுத்துபவன் ஏதோ ஒரு மொழிக்குள் நின்றுதான் எழுத வேண்டும். வடிவம் வேறுபடுத்தும் இரண்டு பொருள்களை அந்த மொழி ஒன்றாகக் கருதினால், எழுதுபவனின் கண்ணுக்கு அந்த வேறுபாடு தெரியாமலேயே போய்விடும்.

நான் முதலில் எழுதியது பைத்தானில். ஒரு வார இறுதியில் முடிந்துவிட்டது. வரையறையின் பின்னிணைப்பில் தரப்பட்டுள்ள எடுத்துக்காட்டுகளில் நான் கையில் எடுத்தவை யாவும் சரியாக வந்தன. பைத்தானின் முழு எண்ணுக்கு எல்லை கிடையாது என்பதால் எண்களில் எந்தத் தொல்லையும் இல்லை. அந்த எளிமையே என்னை ஏமாற்றிவிட்டது. படித்ததைத் திரும்ப எழுதும் சோதனையைச் சேர்த்த பிறகு முதல் பிழை தெரிந்தது. ஒரு மேப்பில் மூன்று சாவிகள்: முழு எண் 1, மிதவைப் புள்ளி எண் 1.0, உண்மை என்ற மதிப்பு. சிபோரில் இவை மூன்றும் வேறு வேறு பைட்டுகள். முழு எண்ணும் மதிப்பால் அதற்குச் சமமான மிதவைப் புள்ளி எண்ணும் பொதுத் தரவு மாதிரியில் வெவ்வேறு சாவிகளே என்று ஆர்.எஃப்.சி. 8949 தெளிவாகவே சொல்கிறது. பைத்தானுக்கோ மூன்றும் சமம். மூன்று பதிவுகளோடு உள்ளே போன மேப், முதல் சாவியையும் கடைசி மதிப்பையும் கொண்ட ஒரே பதிவாக வெளியே வந்தது. பிழைச்செய்தி எதுவும் இல்லை. இப்படிப்பட்ட மேப்பை யார் எழுதப்போகிறார்கள் என்று என் நண்பர் ஒருவர் கேட்டார். யாரும் எழுதாமல் இருக்கலாம். ஆனால் தீய நோக்கத்தோடு தரவை அனுப்புபவர் எழுதுவார். கையொப்பத்தைச் சரிபார்க்கும் நிரலும் மதிப்பைப் பயன்படுத்தும் நிரலும் ஒரே தரவில் வெவ்வேறு பொருளைக் காண்பதைவிட மோசமான நிலை பாதுகாப்பில் அரிது.

இரண்டாவது பிழை மிதவைப் புள்ளி எண்களில். சிபோரில் அவற்றுக்கு 16, 32, 64 பிட் என்று மூன்று அளவுகள் உண்டு. மதிப்பு மாறாமல் எழுதக்கூடிய மிகச் சிறிய அளவைத் தேர்ந்தெடுப்பதே வரையறை விரும்பும் முறை. 1.5 என்ற எண் தலைப் பைட்டையும் சேர்த்து மூன்று பைட்டுகளில் அடங்கும், 1.1 அப்படி அடங்காது, அதற்கு ஒன்பது பைட்டுகள் வேண்டும். பைத்தானில் 64 பிட் அளவு ஒன்று மட்டுமே இருப்பதால் நான் எல்லாவற்றையும் ஒன்பது பைட்டுகளாக எழுதினேன். கருவி மூன்று பைட்டுகளில் அனுப்பியது, என் கையிலிருந்து ஒன்பதாகத் திரும்பியது, கையொப்பம் பொருந்தவில்லை. 16 பிட் அளவை எழுதும் வசதி பைத்தானின் 3.6 பதிப்பிலிருந்தே இருக்கிறது. வசதி இல்லாததல்ல சிக்கல். மூன்று அளவுகள் என்ற கேள்வியே அந்த மொழியில் எழுதும்போது என் மனத்தில் எழவில்லை.

அடுத்து, கருவிக்காக சி மொழியில் எழுதினேன். இது தேர்வு என்பதைவிடக் கட்டாயம். இத்தகைய சிறு கருவிகளை வகைப்படுத்தும் ஆர்.எஃப்.சி. 7228, முதலாம் வகுப்புக் கருவிக்குச் சுமார் 10 கிலோபைட் நினைவகமும் நிரலுக்கு 100 கிலோபைட் இடமும் என்று கணக்கிடுகிறது. அந்த இடத்தில் தரவு முழுவதையும் ஒரு மரமாகக் கட்டிவைக்க முடியாது. பைட்டுகளின்மேல் ஒவ்வொரு துண்டாக நடந்துபோகும் ஒரு வாசிப்பானை எழுத வேண்டியிருந்தது. இதில் எதிர்பாராத ஒரு நன்மை கிடைத்தது. மேப்பைத் தன் சொந்த அமைப்பில் அடைத்துவைக்க சி மொழியில் எதுவும் இல்லாததால், சாவிகள் ஒன்றோடொன்று மோதும் பிழை அங்கே நிகழவே வழியில்லை. வந்தது வந்தபடியே கண்முன் கிடந்தது. வடிவத்தை அதன் உண்மை உருவில் நான் பார்த்தது அந்த நாட்களில்தான்.

ஆனால் சி மொழிக்கென்று ஒரு மறைப்பு உண்டு. சிபோர் எதிர் எண்ணை எழுதும் விதம் அழகானது: கழித்தல் ஒன்றிலிருந்து ஒரு நேர் எண்ணைக் கழித்தால் வருவதே அதன் மதிப்பு. அந்த நேர் எண் 64 பிட்டுகளையும் நிரப்பலாம் என்பதால், எழுதக்கூடிய மிகச் சிறிய எண் -18446744073709551616. நேர், எதிர் எண்கள் இரண்டையும் தாங்கும் குறியுள்ள 64 பிட் முழு எண்ணின் கீழ் எல்லையோ இதில் பாதி. நான் என்ன செய்தேன் என்றால், படித்த நேர் எண்ணைக் குறியுள்ள வகைக்கு மாற்றிக் கழித்தல் ஒன்றிலிருந்து கழித்தேன். எல்லாப் பிட்டுகளும் 1 ஆக இருக்கும் எண், குறியுள்ள வகையில் கழித்தல் ஒன்று. கழித்தல் ஒன்றிலிருந்து கழித்தல் ஒன்றைக் கழித்தால் பூஜ்யம். வடிவத்தில் இருக்கக்கூடிய மிகச் சிறிய எண்ணை என் நிரல் பூஜ்யம் என்று படித்தது. நிரலை இயந்திரக் குறியாக மாற்றும் கம்பைலர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதே எண் வரையறையின் பின்னிணைப்பிலேயே எடுத்துக்காட்டாக இருக்கிறது. பைத்தானில் அது தொல்லையின்றி வந்துவிட்டதால், சி மொழிச் சோதனையில் அதைச் சேர்க்க எனக்குத் தோன்றவில்லை.

சரத்தின் நீளத்தைச் சரிபார்க்கும் வரியிலும் இதே வகைப் பிழை இருந்தது. இருக்கும் இடத்தோடு நீளத்தைக் கூட்டி, மொத்த அளவைத் தாண்டுகிறதா என்று பார்த்தேன். நீளம் 64 பிட்டின் உச்சத்துக்கு அருகில் இருந்தால் கூட்டல் சுழன்று சிறிய எண்ணாகிவிடும், சோதனை தேறிவிடும், நிரல் தனக்குச் சொந்தமில்லாத நினைவகத்தைப் படிக்கத் தொடங்கும். மீதமுள்ள இடத்தைவிட நீளம் பெரியதா என்று கழித்துப் பார்ப்பதே சரியான முறை. தாறுமாறான பைட்டுகளை ஊட்டிச் சோதிக்கும் கருவியை ஓட்டியதும் இந்தப் பிழை சில நிமிடங்களில் வெளிவந்தது. அந்தக் கருவியை ஓட்டாமல் சி மொழியில் எழுதிய எந்த வாசிப்பானையும் வெளியுலகின் முன் வைக்கக் கூடாது என்பதில் எனக்கு இப்போது சிறிதும் ஐயமில்லை.

உரைச் சரங்களைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். தமிழில் எழுதுபவர்களுக்கு இதில் தனி அக்கறை உண்டு. எங்கள் தரவில் கிணற்றின் பெயரும் ஊரின் பெயரும் தமிழிலேயே இருந்தன. சில மேப்களில் சாவிகளும் தமிழில் இருந்தன. சிபோரில் உரைச் சரத்தின் நீளம் என்பது எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் யு.டி.எஃப்-8 குறியாக்கத்தில் அது எடுத்துக்கொள்ளும் பைட்டுகளின் எண்ணிக்கை. ‘தமிழ்’ என்ற சொல் நமக்கு மூன்று எழுத்துகள், யூனிகோடில் ஐந்து குறிப்புள்ளிகள் (எழுத்துக்கும் குறிக்கும் யூனிகோடு தரும் தனி எண்கள்), யு.டி.எஃப்-8-இல் பதினைந்து பைட்டுகள். அதன் நீளத்தைக் கேட்டால் ஸ்விஃப்ட் மூன்று என்கிறது, பைத்தானும் ஜாவாஸ்கிரிப்ட்டும் ஐந்து என்கின்றன, ரஸ்ட்டும் கோ மொழியும் பதினைந்து என்கின்றன. ஒவ்வொன்றும் தன்னளவில் சரியான விடையே. சிபோருக்கு வேண்டியது பதினைந்து. எனவே தலைப் பைட் 111 என்று இருக்க வேண்டும். குழுவில் ஒருவர் உலாவிக்காக எழுதிய ஜாவாஸ்கிரிப்ட் நிரல் 101 என்று எழுதியது. படிக்கும் பக்கம் ஐந்து பைட்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டது: ‘த’ முழுமையாக வந்தது, ‘ம’ தன் மூன்று பைட்டுகளில் இரண்டோடு நின்றது, எஞ்சிய பைட்டுகளைப் படிப்பான் அடுத்த தரவுத் துண்டு என்று எடுத்துக்கொண்டு குழம்பியது. அவருடைய சோதனைகள் எல்லாம் ஆங்கிலச் சொற்களால் ஆனவை. ஆங்கிலத்தில் எழுத்தும் குறிப்புள்ளியும் பைட்டும் ஒன்றே என்பதால் அவை அனைத்தும் தேறியிருந்தன.

குறிப்புள்ளி எண்ணிக்கையும் ஜாவாஸ்கிரிப்ட்டின் கணக்கும் தமிழில் எப்போதும் ஒன்றாக இருக்கும் என்றும் நம்பிவிட முடியாது. 2019-இல் யூனிகோடு 12.0 பழைய தமிழ்ப் பின்னக் குறிகளைச் சேர்த்துக்கொண்டது. முந்திரி எனப்படும் 1/320-இன் குறி அவற்றுள் ஒன்று. அது பைத்தானுக்கு நீளம் ஒன்று, ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு இரண்டு, யு.டி.எஃப்-8-இல் நான்கு பைட்டுகள். பழைய நிலக் கணக்குகளை எண்மமாக்குவோர் இந்தக் குறிகளை இன்று பயன்படுத்த முடியும் என்பதால், இதை வெறும் வேடிக்கைச் செய்தியாக நான் கருதவில்லை.

ஸ்விஃப்ட்டில் கண்டது இதைவிட நுட்பமானது. என்னை மிக அதிகமாகச் சிந்திக்க வைத்ததும் அதுவே. ‘மொழி’ என்ற சொல்லை இரண்டு விதமாகத் தட்டச்சு செய்யலாம். ஒகரக் குறியை ஒரே குறிப்புள்ளியாக இட்டால் சொல் பன்னிரண்டு பைட்டுகள். கொம்பையும் காலையும் தனித்தனிக் குறிப்புள்ளிகளாக இட்டால் பதினைந்து பைட்டுகள். திரையில் இரண்டும் ஒன்றே. யூனிகோடு இவ்விரண்டையும் சமவடிவங்கள் என்று வரையறுக்கிறது. ஸ்விஃப்ட் அந்த வரையறையைத் தன் சரங்களின் ஒப்பீட்டிலேயே கடைப்பிடிக்கிறது. மனிதர் படிக்கும் உரைக்கு அது மிகச் சரியான முடிவு என்றே நான் கருதுகிறேன். மற்ற மொழிகளும் அப்படிச் செய்திருந்தால் தமிழில் தேடல் வசதி எழுதுவோரின் வேலை எவ்வளவோ குறைந்திருக்கும். ஆனால் சிபோர் பார்ப்பது பைட்டுகளை. அதன் கணக்கில் இவை இரண்டு சாவிகள். ஸ்விஃப்ட்டின் கணக்கில் ஒன்று. இரண்டு பதிவுகள் கொண்ட மேப், ஐபோன் செயலிக்குள் ஒரு பதிவாகச் சுருங்கியது. மொழி என்ற சொல்லிலேயே மொழியின் வேறுபாடு வெளிப்பட்டது தற்செயல்தான். எங்கள் தரவில் அறிவிப்பு எந்த மொழியில் வர வேண்டும் என்பதற்கான சாவி அது.

மற்ற மொழிகளில் நான் பார்த்தவை இவ்வளவு ஆழமானவை அல்ல. ஜாவாவில் குறியற்ற 64 பிட் எண் இல்லை. கோ மொழியில் எந்த வகையும் சாவியாகலாம் என்று அறிவித்த மேப்பில் ஒரு பட்டியலைச் சாவியாக வைத்தால், கம்பைலர் ஒன்றும் சொல்லாது, நிரல் ஓடும்போது நின்றுவிடும். பி.எச்.பி.யில் வெற்றுப் பட்டியலும் வெற்று மேப்பும் ஒன்றே. ஜாவாஸ்கிரிப்ட்டில் சாதாரணப் பொருளைப் பயன்படுத்தினால் எண் சாவிகள் சரங்களாகிவிடும்.

இந்த அனுபவங்களுக்குப் பிறகு, மையப் பகுதியை மறுபடி எழுத ரஸ்ட்டைத் தேர்ந்தெடுத்தேன். வேகத்துக்காக அல்ல, நினைவகப் பாதுகாப்பு ஒரு காரணம், முதன்மைக் காரணம் அதுவும் அல்ல. சாவிகளில் மிதவைப் புள்ளி எண் வரலாம் என்று எழுதிய முதல் நாளே கம்பைலர் என்னைத் தடுத்து நிறுத்தியது. மிதவைப் புள்ளியில் ‘எண் அல்ல’ என்னும் சிறப்பு மதிப்பு தனக்குத்தானே சமமாகாது; ஆகவே அந்த வகையை மேப்பின் சாவியாக ரஸ்ட் ஏற்பதில்லை. இரண்டு சாவிகள் சமமா என்பதை நீயே எழுது என்றது. பைத்தான் எனக்காகத் தவறாக விடையளித்த அதே கேள்வியை ரஸ்ட் என்னிடமே கேட்டது. நான் வரையறையைத் திறந்து, விடையை அங்கிருந்து எடுத்து எழுதினேன். உரைச் சரமும் பைட் சரமும் அதில் இரு வேறு வகைகள். பைட் சரத்தை உரைச் சரமாக மாற்ற வேண்டுமானால் யு.டி.எஃப்-8 சரியா என்று சோதித்தாக வேண்டும். எட்டு வகைகளையும் ஒரே பட்டியலாக அறிவித்துவிட்டால், நிரலில் எங்காவது ஒரு வகையைக் கவனிக்காமல் விட்டாலும் கம்பைலர் ஏற்காது. அந்த மிகச் சிறிய எதிர் எண்ணுக்கு 128 பிட் முழு எண் தயாராக இருந்தது.

ரஸ்ட் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டது என்று சொன்னால் அது பொய்யாகும். 16 பிட் மிதவைப் புள்ளி நான் பயன்படுத்திய நிலையான பதிப்பில் இல்லை. குறிக்கு ஒன்று, அடுக்குக்கு ஐந்து, பின்னத்துக்குப் பத்து என்று பிட்டுகளைப் பிரித்துக் கையால் எழுத வேண்டியிருந்தது. வரையறையின் பின்னிணைப்பில் அதற்கென்றே சி மொழியிலும் பைத்தானிலும் சிறு நிரல்கள் தரப்பட்டிருப்பது பெரிய உதவி. சாவிகளை வரிசைப்படுத்தும் இடத்தில், எட்டு வகைகளை அறிவித்த வரிசையிலேயே ரஸ்ட் தானாக ஒப்பீட்டை உருவாக்கித் தந்தது; அது சிபோரின் வரிசை அல்ல. அந்த விதியும் இடையில் மாறியிருக்கிறது: 2013-இன் ஆவணத்தில் குட்டையான சாவி முதலில் வரும், எனவே -1 முன்னும் 100 பின்னும், 2020-இன் ஆவணத்தில் பைட்டுகளின் அகரவரிசை, எனவே 100 முன்னும் -1 பின்னும். ஆழமாக அடுக்கிய பட்டியல்களிலும் ரஸ்ட் காப்பாற்றவில்லை. ஓர் உறுப்பு கொண்ட பட்டியலின் தலைப் பைட் 129. அந்த ஒரே பைட்டை லட்சம் முறை அடுக்கி அனுப்பினால், தன்னைத்தானே அழைக்கும் வாசிப்பானின் ஸ்டாக், அதாவது அழைப்புகளை நினைவில் வைக்கும் இடம், நிரம்பி நிரல் முழுவதும் வீழ்கிறது. பைத்தானில் அதே தாக்குதல் பிடித்துக்கொள்ளக்கூடிய ஒரு பிழையாக மட்டுமே முடிகிறது. ஆழத்துக்கு ஓர் எல்லையை நான் கையால் வைத்தேன்.

கருவியிலிருந்து சி மொழி போகவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்தச் சில்லுக்குத் தயாரிப்பாளர் தரும் கம்பைலர் சி மொழிக்கு மட்டுமே. ஆகவே ஒரே வடிவத்துக்கு இரண்டு செயலாக்கங்கள் எங்களிடம் நிலைத்துவிட்டன. தொடக்கத்தில் இதைச் சுமையாகக் கருதினேன். இணைய நெறிமுறைகளை வெளியிடும் ஐ.இ.டி.எஃப். 1996-இன் ஆர்.எஃப்.சி. 2026-இலேயே, ஒரு நெறிமுறை அடுத்த படிக்கு உயர வேண்டுமானால் வெவ்வேறு நிரல்மூலங்களிலிருந்து வந்த, ஒன்றோடொன்று ஒத்துப்போகும் இரண்டு செயலாக்கங்களாவது வேண்டும் என்று விதித்தது. அந்த விதியின் பொருள் எனக்கு இப்போதுதான் முழுமையாகப் புரிகிறது. என்னுடைய விருப்பத்தையும் அதோடு சேர்ப்பேன்: இரண்டும் ஒரே குணமுள்ள மொழிகளில் இருக்கக் கூடாது. பைத்தானில் ஒன்றும் ரூபியில் ஒன்றும் எழுதுவது, ஒரே கண்ணாடியை இருவர் மாற்றி மாற்றி அணிந்து பார்ப்பதுபோலத்தான்.

சிபோரைப் போன்ற மற்றொரு பைட் வடிவமான மெசேஜ்பேக்கின் வரலாறு இதற்கு நல்ல சான்று. சதாயுகி ஃபுருஹாஷி உருவாக்கிய அந்த வடிவத்தில் தொடக்கத்தில் உரைக்கும் பைட்டுகளுக்கும் சேர்த்து ஒரே வகைதான் இருந்தது. சரமும் பைட்டும் ஒன்றாக இருந்த அன்றைய பைத்தான் 2 போன்ற மொழிகளில் எழுதியவர்களுக்கு அதில் குறையே தெரியாது. இரண்டையும் பிரித்தே வைத்திருக்கும் மொழிகளில், வந்தது உரையா படமா என்று படிப்பவர் ஊகிக்க வேண்டியிருந்தது. 2013-இல் வகைகள் பிரிக்கப்பட்டன. பழைய தரவுக்காகச் சேர்க்கப்பட்ட விருப்பத்தேர்வுகளை அதன் லைப்ரரிகளில் இன்றும் காணலாம். புதிதாக ஒரு வடிவத்தை வகுப்பவர்களுக்கு முதல் செயலாக்கத்தின் மொழி எவ்வளவு முக்கியம் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. வரையறையில் எழுதாமல் விட்ட இடங்களையெல்லாம் அந்த மொழி தன் வழக்கத்தால் நிரப்பிவிடுகிறது, பின்னால் வருபவர்கள் அதையே வரையறையாக எடுத்துக்கொள்கிறார்கள்.

மையத்தை ரஸ்ட்டில் எழுதி, சி மொழியின் அழைப்புமுறை வழியாக மற்ற மொழிகளுக்குக் கொடுத்துவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடாதா என்று கேட்கலாம். மற்றொரு தரவு வடிவமான புரோட்டோபஃப் 2022 முதல் பைத்தானுக்குச் சி மொழியில் எழுதிய ஒரு மையத்தையே பயன்படுத்துகிறது. அட்டவணைத் தரவுக்கான அபாச்சி ஆரோவின் பைத்தான் பகுதி சி++ மையத்தின்மேல் நிற்கிறது. நாங்களும் அப்படியே செய்தோம். பெரும்பாலான பிழைகள் ஒரே இடத்தில் திருத்தப்பட்டன. ஆனால் மையம் சரியாகப் படித்த மூன்று சாவிகளைப் பைத்தானின் அகராதியில் (மேப்புக்கு அந்த மொழி தரும் அமைப்பு) இட்ட கணமே, அவை மறுபடி ஒன்றாகிவிட்டன. எல்லை நகர்ந்தது, மறையவில்லை. ஆகவே மேப்பை அகராதியாகத் திருப்பித் தரும் வழியை மாற்றி, சாவி-மதிப்பு இணைகளின் பட்டியலாகத் தருவதை இயல்பாக வைத்தோம். அகராதி வேண்டும் என்று கேட்பவருக்குத் தருகிறோம். இரண்டு சாவிகள் மோதினால் அப்போது பிழையை எழுப்புகிறோம். பயன்படுத்துவோருக்கு இது ஒரு வரி கூடுதல் வேலை. அதைக் குறைக்கச் சொல்லிப் பலமுறை கேட்டார்கள், மறுத்துவிட்டேன்.

எல்லா மொழிப் பகுதிகளும் ஓட்டியாக வேண்டிய ஒரு சோதனைக் கோப்பு இப்போது எங்களிடம் இருக்கிறது. வரையறையின் பின்னிணைப்பிலுள்ள எடுத்துக்காட்டுகள் முழுவதும் அதில் உண்டு. அவற்றோடு 1, 1.0, உண்மை ஆகிய மூன்று சாவிகள் கொண்ட மேப், லட்சம் முறை அடுக்கிய 129, ‘தமிழ்’, முந்திரிக் குறி, பன்னிரண்டு பைட் ‘மொழி’யும் பதினைந்து பைட் ‘மொழி’யும் சாவிகளாக உள்ள மேப். ஸ்விஃப்ட் பகுதி கடைசி வரியில் மட்டும் இன்னும் தோற்கிறது. சரத்தை நேரடியாகச் சாவியாக்காமல், அதன் யு.டி.எஃப்-8 பைட்டுகளை ஒப்பிடும் ஒரு தனி வகையை அதற்காக எழுதிக்கொண்டிருக்கிறேன்.